சேமிப்பை ஈடாக வைத்து வாங்கும் க்ரெடிட் யூனியன் கடன்: எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி: புதுக்குடி

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக அமெரிக்காவுக்கு வந்து குடியேறியவன் நான். ஊரில் பல ஆண்டுகள் ஒழுங்காகத் தவணை கட்டிச் சேர்த்த சிபில் மதிப்பெண் இங்கே செல்லாக் காசு என்பது வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சென்ற ஆண்டு ஒரு செக்யூர்டு க்ரெடிட் கார்டு (முன்பணம் கட்டி வாங்கும் கார்டு) வாங்கி, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டி வருகிறேன். கார் கடன் உட்பட வேறு கடன் எதுவும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு வாங்கும் எண்ணம் இருப்பதால், க்ரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி போன்றது) சேமிப்பை ஈடாக வைத்து ஆயிரம் டாலர் கடன் வாங்கி, தவணைக் கடன் ஒன்றையும் வரலாற்றில் பதிய வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டு இடங்களில் விசாரித்தேன். முதலாவது யூனியன், சாதாரணச் சேமிப்புக் கணக்கை ஈடாக ஏற்கிறது. அந்தக் கணக்குக்கு 0.25 சதவீத டிவிடெண்ட் (சேமிப்புக்கான வட்டி) தருகிறது, கடனுக்கு 2.25 சதவீத வட்டி கேட்கிறது. இரண்டாவது யூனியன், ஓராண்டு சர்டிஃபிகேட்டை (நம் ஊர் எஃப்.டி. போன்றது) ஈடாகக் கேட்கிறது, அதற்கு 3.5 சதவீதம் தருகிறது, கடனுக்கு 5.5 சதவீதம் கேட்கிறது. முதலாவதன் வட்டி பாதிக்கும் குறைவு என்பதால் அதுவே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வகைக் கடன்களை ஒப்பிடும்போது வேறு எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கணக்கன்

கடன் வட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இது ஊரில் எஃப்.டி.யின் மேல் கடன் வாங்குவதைப் போன்றதுதான்: வைத்திருக்கும் பணத்துக்கு அவர்கள் ஒன்று கொடுக்கிறார்கள், எடுத்த பணத்துக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்று வாங்குகிறார்கள். நீங்கள் விசாரித்த இரண்டு இடங்களிலும் அந்த இடைவெளி 2 சதவீதம்தான்.

ஆனால் இடைவெளி ஒன்றாக இருந்தாலும் கையில் நிற்கும் தொகை ஒன்றல்ல. ஆயிரம் டாலரைப் பன்னிரண்டு தவணைகளில் அடைத்தால் முதலாவது இடத்தில் மொத்த வட்டி ஏறக்குறைய 12 டாலர், டிவிடெண்ட் இரண்டரை டாலர். ஆக, கைவிட்டுப் போவது பத்து டாலருக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது இடத்தில் மொத்த வட்டி 30 டாலர், ஆனால் சர்டிஃபிகேட் ஈட்டுவது 35 டாலர். கடன் நிலுவை மாதாமாதம் குறைந்துகொண்டே வர, சர்டிஃபிகேட்டோ ஆண்டு முழுவதும் முழுத் தொகைக்கும் சம்பாதிப்பதால், அதிக வட்டியுள்ள கடனே உங்களுக்கு ஐந்து டாலர் மிச்சப்படுத்துகிறது. டிவிடெண்டுக்கு வருமான வரி உண்டு, இந்தக் கடன் வட்டிக்கு வரிக்கழிவு இல்லை. 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு அந்த மிச்சம் கரைந்து இரண்டு மூன்று டாலர் கைச்செலவாகத்தான் முடியும். அப்போதும் இரண்டாவதே மலிவு.

உண்மையில், பத்து டாலருக்காக யாரும் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. இந்தக் கடனை நாம் வாங்குவதே பதிவுக்காக. ஆகவே எங்கே பதிகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் வரலாற்று நிறுவனங்களுக்கும் தகவல் அனுப்பும்படி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. சிறிய யூனியன்களில் சில, ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் அனுப்புகின்றன. வீட்டுக் கடன் தருபவர்கள் வழக்கமாக மூன்று நிறுவனங்களின் மதிப்பெண்களையும் எடுத்து நடுவில் உள்ளதைக் கணக்கில் கொள்வார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மதிப்பெண் உயர்ந்தால், அந்த நடு எண் அசையாமலே நின்றுவிடக்கூடும்.

அடுத்து, விண்ணப்பத்தின்போது ஹார்டு புல் (கடன் அறிக்கையை அதில் பதிவாகும்படி எடுத்துப் பார்ப்பது) செய்வார்களா என்று கேளுங்கள். உங்கள் பணமே ஈடாக இருப்பதால் பல இடங்களில் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். அப்படியே செய்தாலும் அது அறிக்கையில் இரண்டு ஆண்டுகள் தெரியும், ஃபைகோ மதிப்பெண்ணில் (நம் ஊர் சிபில் போன்றது) ஓராண்டுதான் எண்ணப்படும் என்பதால் பெரிய கேடில்லை. பணத்தின் பாதுகாப்பைப் பற்றியும் கவலை வேண்டாம். என்சியுஏ (க்ரெடிட் யூனியன்களுக்கான அரசு அமைப்பு) காப்பீடுள்ள யூனியனில் 2,50,000 டாலர் வரை பத்திரமாக இருக்கும்.

மறுமொழி 2: ஏரிக்கரை

கணக்கன் அவர்களின் கணக்கில் குறையில்லை. ஆனால் அது ஓராண்டில் கடனை முடித்துவிடுவதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு; உங்களுக்கு வேண்டியது அதுவல்ல என்று நினைக்கிறேன். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில், திறந்த நிலையில், பெரும்பகுதி அடைக்கப்பட்ட ஒரு தவணைக் கடன் உங்கள் அறிக்கையில் இருந்தால் மதிப்பெண்ணுக்கு நல்லது. ஓராண்டில் முடிந்துபோன கடன், ஒழுங்காகக் கட்டிய கணக்காகப் பத்தாண்டுகள் வரை அறிக்கையில் இருக்கும், கெடுதல் செய்யாது. ஆனாலும் தவணைக் கடன் ஏதும் நடப்பில் இல்லாதவர் என்ற நிலைக்கு நீங்கள் மீண்டும் வந்துவிடுவீர்கள்; கடனை முடித்த மாதத்தில் மதிப்பெண் சில புள்ளிகள் இறங்கியதைக் கண்டு திகைப்பவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது இதுதான்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் செய்வது வேறு. கடனை அறுபது மாதத் தவணைக்கு வாங்குவார்கள்; வாங்கிய சில நாட்களிலேயே பெரும்பகுதியைத் திருப்பிக் கட்டி, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மட்டும் நிலுவை வைப்பார்கள். ஆயிரத்தில் 920 டாலரைக் கட்டிவிட்டு 80 டாலரை விட்டுவைத்தால், 2.25 சதவீதத்தில் ஆண்டுக்கு வட்டி இரண்டு டாலர்கூட ஆகாது. எந்த விகிதத்துக்குக் கீழே இறங்கினால் பலன் அதிகம் என்பதை ஃபைகோ நிறுவனம் வெளியிட்டதில்லை. 9 சதவீதம் என்று இணையத்தில் புழங்குவது, பலர் செய்து பார்த்து வந்தடைந்த கணிப்பு. ஃபெடரல் (மத்திய அரசின்) சாசனம் பெற்ற யூனியன் எதுவும் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் வசூலிக்கக் கூடாது என்று சட்டமே சொல்வதால் அந்தப் பக்கம் தடையில்லை.

இந்த வழி பலிப்பது முழுக்க முழுக்க ஒரே ஒரு விதியைப் பொறுத்தது: கூடுதலாகக் கட்டிய பணத்தை யூனியன் எப்படி வரவு வைக்கிறது? சில இடங்களில் அது வரவிருக்கும் தவணைகளுக்கு முன்பணமாகக் கொள்ளப்படும். கணக்குக்குள் நுழைந்து பார்த்தால் அடுத்த தவணை நாள் என்ற இடத்தில் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய தேதியும், இப்போது செலுத்த வேண்டியது என்ற இடத்தில் பூஜ்யமும் தெரியும். வேறு சில இடங்களில் அசலில் மட்டும் கழிப்பார்கள். அடுத்த மாதத் தவணை வழக்கம்போல் வந்து நிற்கும். அங்கே மாதம் பதினெட்டு டாலர் வீதம் போய், மீதி 80 டாலர் நான்கைந்து மாதங்களில் தீர்ந்து, கணக்கும் மூடப்பட்டுவிடும். எல்லாம் கட்டியாயிற்று என்று நினைத்துத் தவணையைத் தவறவிடுவது அதைவிட ஆபத்து. முப்பது நாள் தாமதம் ஒரு முறை பதிவானால் அது ஏழு ஆண்டுகள் கூடவே வரும். ஈடு யூனியனிடமே இருக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். அவர்கள் ஈட்டில் கை வைப்பதற்கு முன்பே தாமதம் பதிவாகியிருக்கும்.

இப்போது உங்கள் இரண்டு தெரிவுகளுக்கு வருகிறேன். சர்டிஃபிகேட்டை ஈடாக வைத்தால் கடனின் காலம் பொதுவாக அதன் முதிர்வுத் தேதியைத் தாண்ட முடியாது. ஓராண்டு சர்டிஃபிகேட் என்றால் ஓராண்டுக் கடன்தான். சேமிப்புக் கணக்குக்கு அந்தத் தளை இல்லை. செலவில் மலிவானது இரண்டாவது, உங்கள் நோக்கத்துக்குப் பொருந்துவது முதலாவது. ஆனால் நீண்ட தவணைக்குக் குறைந்தபட்சத் தொகை என்று ஏதாவது வைத்திருக்கிறார்களா என்பதையும், கட்டக் கட்ட ஈட்டுப் பணத்தை விடுவிப்பார்களா, கடைசி வரை முழுத் தொகையையும் முடக்கி வைப்பார்களா என்பதையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

மறுமொழி 3: நிதானம்

இந்தக் கடனே தேவையா என்று ஒருவராவது கேட்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஃபைகோ மதிப்பெண்ணில் ஒழுங்காகக் கட்டுவதற்கு 35 சதவீதமும், கடன்பட்டிருக்கும் அளவுக்கு 30 சதவீதமும், வரலாற்றின் நீளத்துக்கு 15 சதவீதமும் எடை உண்டு; பலவகைக் கடன்கள் இருப்பதற்கு 10 சதவீதம்தான். முதல் இரண்டையும் உங்கள் கார்டே பார்த்துக்கொள்கிறது. கார்டின் வரம்பில் சிறு பங்கை மட்டும் பயன்படுத்தி, நாள் தவறாமல் கட்டி வந்தாலே பெரும்பாதி வேலை முடிந்துவிடும்.

நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி, ஒரு க்ரெடிட் யூனியனின் உறுப்பினர்களை வைத்து ஆய்வு நடத்தி 2020-இல் முடிவுகளை வெளியிட்டது. அதில் பார்த்தது க்ரெடிட் பில்டர் லோன் எனப்படும் வகை. அதில் சேமிப்பு முன்கூட்டி இருக்க வேண்டியதில்லை, தவணை கட்டி முடித்த பிறகுதான் பணம் கைக்கு வரும். ஏற்கெனவே கடன் இல்லாதவர்களுக்கு அது நன்றாகவே பலித்தது. கடன் உள்ளவர்களுக்கு மதிப்பெண் உயரவில்லை, சற்றே இறங்கவும் செய்தது. கட்ட வேண்டிய தவணைகளோடு இன்னொன்றும் சேரும்போது ஏதோ ஒன்று தவறிப்போவது இயல்புதானே. உங்களுக்கு வேறு கடன் இல்லை என்பதால் நான் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு கார் கடன் வாங்கும் உத்தேசம் இருந்தால், அதுவே தவணைக் கடன் என்ற இடத்தை நிரப்பிவிடும். இதற்கு வேலையே இல்லை.

வாங்குவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஈடு பற்றிய பத்தியைப் படியுங்கள். அந்த யூனியனில் பின்னால் வாங்கும் கடன்களுக்கும் இதே ஈடு பொறுப்பாகும் என்ற வாசகம் அங்கே இருப்பது உண்டு. கார் கடனை அடைத்த பிறகும், அதே இடத்து கார்டு பாக்கிக்காக வண்டியின் உரிமைப் பத்திரத்தைத் தராமல் வைத்துக்கொள்ள இடம் தருவது இப்படிப்பட்ட வாசகம்தான்.

புதுக்குடி

மூவருக்கும் நன்றி. கார் கடன் வாங்கும் உத்தேசம் இல்லை. முதலாவது யூனியனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். மூன்று நிறுவனங்களுக்கும் மாதாமாதம் தகவல் அனுப்புகிறார்கள். ஹார்டு புல் கிடையாது. கூடுதலாகக் கட்டினால் அடுத்த தவணை நாள் தள்ளிப்போகும். கட்டிய அளவுக்கு ஈட்டுப் பணம் விடுவிக்கப்படும். அறுபது மாதத் தவணைக்கு ஆயிரம் டாலரே போதுமாம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை வைத்துக்கொள்ளலாமா? என் மனைவி எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தருவது) இருக்கிறார், வேலை அனுமதி இன்னும் வரவில்லை. அவருக்கும் இதனால் ஏதாவது பலன் கிடைக்குமா?

மறுமொழி 4: ஏரிக்கரை

நல்லது. அந்தப் பதில்களை அவர்களுடைய இணையதளத்தின் செய்திப் பெட்டி வழியாக எழுத்திலும் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் பேசுபவர் சொல்வதும் கணினி செய்வதும் சில வேளைகளில் வேறாக இருக்கும்.

தானியங்கி ஏற்பாடு வேண்டாம். தவணை நாள் எங்கே நின்றாலும் மாதாமாதம் பணத்தைப் பிடித்துக்கொண்டே போகும்படிதான் பல யூனியன்களின் ஏற்பாடு இருக்கிறது. கவனிப்பதற்குள் 80 டாலரும் தீர்ந்து கடன் மூடப்பட்டிருக்கும். முதலில் 800 டாலரை மட்டும் கட்டி, தவணை நாள் உண்மையிலேயே நகர்கிறதா என்று பார்த்துவிட்டு மீதி 120-ஐக் கட்டுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை சில டாலர்களைக் கட்டி வந்தால், வட்டி ஏறாமலும் கணக்கு அசையாமல் கிடக்காமலும் இருக்கும். ஆனுவல் க்ரெடிட் ரிப்போர்ட் தளத்தில் இப்போது வாரம் ஒரு முறை இலவசமாக அறிக்கை எடுக்கலாம் என்பதால், இரண்டாவது மாதத்தில் மூன்று அறிக்கைகளையும் எடுத்து, தொடக்கத் தொகை 1,000, நிலுவை 80, நிலை திறந்தது என்று மூன்றிலும் ஒரே மாதிரி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி 5: கணக்கன்

மனைவியைப் பற்றிக் கேட்டதற்கு: கார்டில் அவரை ஆத்தரைஸ்டு யூசராக (உங்கள் கார்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவராக) சேர்க்க முடியும், கடனில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. இணைக் கடனாளியாக அவரும் கையெழுத்திட்டால் கடன் இருவர் அறிக்கையிலும் ஏறும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவரை ஐடிஐஎன் எண்ணை (அப்படிப்பட்டவர்களுக்கு வரித்துறை தருவது) வைத்து உறுப்பினராக்கும் யூனியன்கள் உண்டு, மறுப்பவையும் உண்டு. அதனால் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, ஐடிஐஎன் வைத்திருப்பவரின் பெயரிலும் அந்த மூன்று நிறுவனங்களுக்கும் பதிவு போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு வரலாறே இல்லை என்றால், முதல் ஃபைகோ மதிப்பெண் தோன்றவே குறைந்தது ஆறு மாதம் பழைய கணக்கு ஒன்று வேண்டும். கார்டில் சேர்ப்பதையும் இணைக் கடனையும் இந்த மாதமே செய்துவிட்டால், நீங்கள் வீடு தேடத் தொடங்கும்போது அவருடைய பெயரையும் விண்ணப்பத்தில் சேர்க்கலாமா என்று யோசிக்க இடம் இருக்கும்.