சீலிங்கில் துவரம்பருப்பு: உங்க வீட்டு குக்கர் என்ன பண்ணிச்சு?

முலுண்ட் மருமகள்:

ஞாயித்துக்கிழமை காலைல எங்க மும்பை வீட்டு கிச்சன் சீலிங் மஞ்சளாயிடுச்சு. இன்னும் ஏணி போட்டுத் துடைச்சு முடியல. அதுக்குள்ள எழுதிடறேன், இல்லன்னா வெக்கப்பட்டு எழுதாமலே விட்டுடுவேன்.

புனேலேருந்து கொழுந்தனார் குடும்பம் வந்திருந்தாங்க. எட்டு பேருக்கு சாம்பார். 5 லிட்டர் குக்கர், மாமியார் சயான் கோலிவாடாவுல இருந்த காலத்துது. மூடி வெளிப்பக்கமா பூட்டற வகை. ரெண்டு தடவை வைக்க சோம்பேறித்தனம், அதனால துவரம்பருப்பு, தக்காளி எல்லாத்தையும் நேரா குக்கர்லயே கொட்டி முக்காலுக்கு மேல தண்ணி விட்டேன். பெரிய பர்னர்ல ஏத்திட்டு ஹாலுக்கு வந்துட்டேன்.

வழக்கமா ஏழெட்டு நிமிஷத்துல கத்திடும். அன்னிக்குப் பேச்சு சுவாரசியத்துல யாரும் கவனிக்கல. பாத்திரம் தேய்க்கற பாய்தான் (வேலைக்கு வர்ற அம்மாவை இங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) உள்ளேருந்து மராத்தியில குரல் கொடுத்தாங்க: "தாயி, ஷிட்டி நாஹி ஜாலி." விசில் வரலையாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேஸ ஃபுல்லா வைங்க." அதை நினைச்சு நினைச்சு நாலு நாளா சரியாத் தூங்கல.

கொஞ்ச நேரத்துல டொப்புன்னு சத்தம், அப்புறம் ரயில் இன்ஜின் மாதிரி ஒரு சீறல். மூடியில விசிலுக்குக் கொஞ்சம் தள்ளி பொட்டு மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அது பிச்சுக்கிட்டு பருப்பு நேரா மேல அடிக்குது. எங்களுது பைப் கேஸ், வால்வு ஜன்னல் ஓரமா இருக்கு. துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டு ஓடிப் போய் அதை அடைச்சேன். மேல போன பருப்பு கீழ வந்தப்ப பாயோட முழங்கைக்குக் கீழ விழுந்துடுச்சு. மாமியார் டூத்பேஸ்டோட வந்தாங்க. முதல் மாடியில இருக்கற டாக்டரம்மா "ஒண்ணும் தடவாதீங்க, குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் கையைக் காட்டிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க"ன்னு போன்லயே அதட்டினாங்க. அப்படியே செஞ்சோம்.

எல்லாம் ஆறினப்புறம் மூடியைக் கழுவி, வெயிட் உக்கார்ற குழாயை வெளிச்சத்துல பார்த்தேன். ஒரே இருட்டு. ஊக்கை விட்டுக் குத்தினா ஒரு தக்காளித் தோல் சுருண்டு வருது, அதுக்குப் பின்னாடி பசை மாதிரி பருப்பு.

இதுல எத்தனை தப்புன்னு எனக்கே தெரியும், திட்டறதுக்கு முன்னாடி உங்க கதையையும் சொல்லுங்க.

மாட்டுங்கா பாட்டி:

ஈஸ்வரா! நல்ல வேளை, கண்ணுல படல.

எங்காத்துக்கு முதல் குக்கர் வந்தது 1974-ல. ஹாக்கின்ஸ். 1959-லயே பம்பாய்ல ஆரம்பிச்ச கம்பெனி அது. மூடியைச் சாய்ச்சு உள்ள விட்டுத் திருப்பி மாட்டணும். அந்த வித்தை பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆச்சு, அது வரைக்கும் பக்கத்தாத்து குஜராத்தி பென்தான் வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போவா. ஆனா ஒரு சௌகரியம், உள்ள ஆவி இருக்கற வரைக்கும் நீ என்ன இழுத்தாலும் திறக்காது. ஆவியே மூடியை உள்ளேருந்து தள்ளிப் பிடிச்சுண்டிருக்கும்.

அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடி தினமும் அந்தக் குழாய் வழியா ஜன்னலைப் பாக்கணும்னு என் மாமியார் பழக்கி வெச்சா. வெளிச்சம் தெரியலேன்னா துடைப்பக்குச்சி. அதுக்குன்னே ஒரு குச்சி ஆணியில தொங்கும். மூடினதும் வெயிட்டைப் போட மாட்டேன். குழாய்லேருந்து ஆவி நன்னா புஸ்ஸுன்னு நேரா வந்தப்புறம்தான் போடுவேன். ஆவி வரலேன்னா அடைச்சிருக்குன்னு அப்பவே தெரிஞ்சுடும், விசிலுக்குக் காத்துண்டிருக்க வேண்டாம்.

அப்புறம் அளவு. பருப்பு, அரிசி, சுண்டல் மாதிரி உப்பறது, நுரைக்கறது எல்லாம் பாதிக்கு மேல கூடாது. மத்தது மூணுல ரெண்டு பங்கு. நீ முக்காலுக்கு மேலன்னு எழுதினதைப் படிச்சப்பவே எனக்குப் பகீர்னது. பருப்பை நான் நேரா குக்கர்ல போடறதே கிடையாது. அடுக்குல வெச்சு, மஞ்சப்பொடி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மேல ஒரு தட்டு. எண்ணெய் விட்டா நுரை அடங்கும். அடித்தண்ணில பிழிஞ்ச எலுமிச்சை மூடி ஒண்ணு போட்டுட்டா அலுமினியம் கறுக்காது. மாட்டுப்பொண் இப்போ ஸ்டீல் வாங்கிட்டா, எலுமிச்சைக்கு வேலை இல்லாம போயிடுத்து.

90 அடி ரோடு:

அக்கா, ஒங்க குக்கர் நல்ல குக்கர். செய்ய வேண்டிய வேலையத்தான் செஞ்சிருக்கு. சீலிங்கத் தொடைச்சிக்கிடலாம்.

எங்க அப்பா திருநவேலிப் பக்கத்துல இருந்து வந்து தாராவில போட்ட கடை இது. குக்கர், மிக்ஸி, ஸ்டவ் ரிப்பேரு. எங்கிட்ட வார குக்கரப் பாத்தீயன்னா நீங்க சமையக்கட்டுக்குள்ள போவவே பயப்படுவீய. அக்கா சொன்னாவல்லா, பொட்டு மாதிரி ஒண்ணுன்னு? அதாம் சேஃப்டி வால்வு. ஒருக்கா உருகிட்டுன்னா புதுசு மாத்தணும், பெரிய செலவெல்லாம் இல்ல. சனங்க என்ன செய்யுதாவ தெரியுமா? அந்த ஓட்டையில நட்டு போல்ட்டு போட்டு முறுக்கிருதாவ. குழாய் ஒட்டுத பசைய வச்சி அடைச்சிருதாவ. ஒருத்தர் ஆட்டா மாவ உருட்டி வச்சி, அது அடுப்புல வெந்து கல்லு மாதிரி ஆயி, "ஒண்ணும் லீக் இல்ல பாருங்க"ன்னு பெருமையா காட்டுதாரு.

ஒரு கேன்டீன்காரரு வெயிட்டு மேல இரும்புத் துண்டு ஒண்ண கம்பியால கெட்டிக் கொண்டாந்தாரு. பருப்பு சீக்கிரம் வேவுதாம். அந்தக் கம்பிய அறுத்துப் போட்டுத்தான் குக்கரத் திருப்பிக் குடுத்தேன், என்னயப் பைத்தியக்காரன்னு சொல்லிட்டுப் போனாரு.

கேஸ்கெட்டப் பத்தியும் ஒண்ணு, அதாம் மூடில மாட்டுத ரப்பரு வளையம். லூசானா ஃப்ரீசர்ல வச்சி எடுக்குத பழக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கு. சுருங்கும், ரெண்டு நாளு புடிக்கும். தேஞ்ச ரப்பரு தேஞ்சதுதான். தினம் சமைக்குத வீடுன்னா வருசத்துக்கு ஒண்ணு மாத்திருங்க, அதே கம்பெனி சாமானா பாத்து. வெளிமூடி குக்கர்ல சிலதுல மூடி ஓரத்துல சன்னலு மாதிரி ஒரு வெட்டு இருக்கும். டிசைனுன்னு நெனச்சிராதீய. உள்ள அமுக்கம் கூடுனா கேஸ்கெட்டு அது வழியா பிதுங்கி ஆவிய வெளிய விட்டுரும். கனமா, வேற கம்பெனி ரப்பரு போட்டா அது பிதுங்காது.

செம்பூர் தாத்தா:

மாகுல் பக்கம் சுத்திகரிப்பு ஆலையில் 31 வருஷம் பாய்லரோடு குடித்தனம் நடத்தியவன் நான். குக்கரும் ஒரு குட்டி பாய்லர்தான், லைசென்ஸ் கேட்பதில்லை, அவ்வளவே.

கணக்கு ஒன்று சொல்கிறேன். வெயிட் ஆடும்போது உள்ளே வெளிக்காற்றைவிடக் கூடுதலாக, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314. அதாவது 300 கிலோவுக்கு மேல். நாலைந்து ஆட்கள் சேர்ந்து உள்ளேயிருந்து மூடியை முட்டுகிற மாதிரி. இது விசில் ஒழுங்காக வரும்போது. வெளியே 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அந்த அழுத்தத்தில் 120 டிகிரி வரை போகும், பருப்பு சீக்கிரம் வேகும் ரகசியம் அதுதான். குழாய் அடைத்துவிட்டால் அழுத்தமும் ஏறும், சூடும் ஏறும். தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் சூடு ஏறும். குறிப்பிட்ட சூட்டில் உருகுகிற கலப்பு உலோகத்தை அந்த வால்வில் வைத்திருப்பது அதற்காகத்தான். உருகாமல் மூடி பறந்தால், 120 டிகிரித் தண்ணீர் திடீரென்று திறந்த வெளிக்கு வந்து, அதில் ஒரு பங்கு அப்படியே ஆவியாக வெடிக்கும். மூடி அடிப்பதைவிட அந்த ஆவி அவிப்பது கொடுமை.

இதெல்லாம் நேற்று வந்த அறிவு இல்லை. டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் எலும்பைக் கூழாக்க மூடிய பாத்திரம் ஒன்று செய்தார். சேஃப்டி வால்வையும் அவரே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. உருகும் அடைப்பை 1803-இல் டிரெவிதிக் நீராவி பாய்லருக்காகக் கொண்டுவந்தார். நம்மவர்கள் அதில் ஆட்டா மாவை வைக்கிறார்கள். பாய்லரில் இப்படிச் செய்திருந்தால் வேலையும் போயிருக்கும், ஜெயிலும் கிடைத்திருக்கும்.

கிழக்கு டோம்பிவிலி:

என் கதை இதைவிடக் கேவலம். குக்கர் மேல தப்பே இல்ல.

காலைல 7:42 லோக்கல் ரயில். டிபன் கட்டணும், உருளைக்கிழங்கு வெந்தாச்சு, ஆவி அடங்கல. கரண்டியால வெயிட்டைத் தூக்கிப் பிடிச்சு ஆவியை விட்டேன். சத்தம் நின்ன மாதிரி இருந்துச்சு. கைப்பிடியைத் திருப்பினா இறுக்கமா இருக்கு. அங்கேயே விட்டிருக்கணும். இடுப்புல அணைச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் முறுக்கினேன். வெளிமூடி குக்கருக்கு பாட்டி சொன்ன அந்தச் சௌகரியம் கிடையாது, பலம் குடுத்தா திறந்துடும்.

வலது கை மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும். ஐஸ் வெச்சேன், அது தப்புன்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாங்க. கொப்புளம் உடைஞ்சு ரெண்டு வாரம் லீவு. அந்த 7:42-ஐ நான் இன்னும் பல தடவை விட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல. இப்போ அவசரம்னா குக்கரை சிங்க்ல வெச்சு மூடி ஓரமா மட்டும் தண்ணி விடறேன். வெயிட்டைத் தூக்கினா புஸ்ஸுன்னு ஒண்ணுமே வரக்கூடாது, அப்புறம்தான் கைப்பிடில கை வைப்பேன்.

ஏழாம் மாடி:

நான் பேச்சிலர், சமையல் தெரியாது, ஆனா இது தெரியும். ஆன்லைன்ல பாதி விலைக்கு ஒரு குக்கர் வாங்கினேன். அம்மா வீடியோ கால்ல பார்த்துட்டு "ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கடா?"ன்னு கேட்டாங்க. அடி, மூடி, கைப்பிடி எங்கயும் இல்ல. 2021 பிப்ரவரியிலேருந்து வீட்டு குக்கருக்கு அந்த முத்திரை கட்டாயம், ஐ.எஸ். 2347-ன்னு நம்பரும் இருக்கணும். முத்திரை இல்லாததை வித்ததுக்காக 2022-ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் தளங்களுக்கு அபராதமே போட்டிருக்கு. திருப்பி அனுப்பிட்டு முத்திரை இருக்கறதா வேற வாங்கினேன். இப்போ அதுல ஒரு சந்தேகம்: மூணு விசில்னு யூட்யூப்ல சொல்றாங்க, என்னோடது அஞ்சு நிமிஷம் விடாம புஸ்ஸுங்குதே?

மாட்டுங்கா பாட்டி:

விசிலை எண்ணிண்டிருக்காதே கண்ணா, ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு மாதிரி கத்தும். முதல் விசில் வந்ததும் சின்னதாக்கிட்டுக் கடிகாரத்தைப் பாரு. விடாம சீறினா நெருப்பு ஜாஸ்தின்னு அர்த்தம், தண்ணி வத்திடும்.

முலுண்ட், ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் சீலிங்கைப் பத்தியும் குக்கரைப் பத்தியும் பேசிண்டிருக்கோமே, அந்தப் பாயோட கை எப்படி இருக்கு?

முலுண்ட் மருமகள்:

ஆறிட்டு வருது பாட்டி. ரெண்டு சின்னக் கொப்புளம், டாக்டரம்மாவே கட்டுப் போட்டாங்க. ஒரு வாரம் சம்பளத்தோட லீவு குடுத்திருக்கேன். சொல்லிக்கற விஷயம் இல்ல, அவங்க கைதான வெந்துச்சு.

நேத்து பார்க்கப் போயிருந்தேன். பாண்டுப்புல ஒரு சால் (வரிசையா ரூம் இருக்கற குடியிருப்பு), பத்துக்குப் பத்துல ஒரே ரூம். டீ போட்டுக் குடுத்தாங்க. அடுப்புக்குப் பக்கத்துல அவங்க குக்கர் கவுத்து வெச்சிருந்துச்சு. இங்க எழுதினதெல்லாம் படிச்சிருந்ததால கை தானா மூடியை எடுத்துத் திருப்பிடுச்சு. சேஃப்டி வால்வு இடத்துல ஒரு ஸ்க்ரூ. மூணு வருஷமா அப்படித்தான் ஓடுதாம். "நல்லா வேகும் தாயி"ன்னு சொல்றாங்க. நாலு பசங்க அந்த அடுப்பைச் சுத்தித்தான் தூங்குதுங்க.

அந்தக் குக்கரை எடுத்துட்டு வந்துட்டேன். சரியாகற வரைக்கும் சமைக்க எங்க சின்ன குக்கரைக் குடுத்திருக்கேன். 90 அடி ரோடு அண்ணே, கொண்டாந்தா சரி பண்ணித் தருவீங்களா?

90 அடி ரோடு:

கொண்டாங்க அக்கா. வால்வுக்கும் ரப்பருக்கும் மட்டும் காசு, கூலி வேண்டாம். ஸ்க்ரூ போட்ட ஓட்டை அகண்டு போயிருந்தா மூடியே ஆவாது, அதப் பாத்துத்தான் சொல்லணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கடையில இருப்பேன். வெயிட்டையும் மறக்காமக் கொண்டாங்க, எல்லாரும் அத வீட்டுலயே விட்டுட்டு வந்திருதாவ.