விவசாய டிரஸ்ட் கையிருப்பு வைக்கலாமா?

கேள்வி (அணைக்கட்டு): வணக்கம். இலவம்பாடி முள்ளு கத்தரி, பாரம்பரிய நெல் விதைகளைப் பாதுகாத்து விவசாயிகளுக்குக் கொடுக்கும் சின்ன டிரஸ்ட் எங்களுடையது. வந்துகொண்டிருந்த நிதியுதவி மார்ச்சோடு முடிகிறது, அப்புறம் கிடங்கு வாடகைக்கும் களப்பணியாளர் சம்பளத்துக்கும் என்ன செய்வது? கொஞ்சம் சேர்த்து வைக்கலாம் என்றால், வரி போட்டுவிடுவார்கள் என்று ஒரு டிரஸ்டி பயப்படுகிறார்.

பதில் (காட்பாடி): தாராளமாக வைக்கலாம் சார். வருமான வரிப் பதிவுள்ள அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழிக்க வேண்டும், மீதி 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால், விதை அறை கட்ட என்பதுபோல் நோக்கத்தைத் தெளிவாகத் தீர்மானத்தில் எழுதி, உரிய படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் 5 ஆண்டு வரை ஒதுக்கலாம். மொட்டையாக ‘பொதுச் செலவு’ என்று எழுதாதீர்கள்.

பதில் (குடியாத்தம்): மூலநிதியையும், அதாவது அசலைத் தொடாமல் நிலையாக வைக்கும் நிதியையும் பாருங்கள் அண்ணே. நன்கொடை தருகிறவர் ‘இது மூலநிதிக்கு’ என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் அதைக் கணக்கில் தனியாகக் காட்டலாம், ஆனால் வங்கி வைப்பு, அஞ்சலகம் மாதிரி சட்டம் அனுமதிக்கும் இடத்தில்தான் போட வேண்டும். கூடுதல் வட்டி என்று யார் வந்தாலும் தனியார் நிதி நிறுவனத்தில் போடவே வேண்டாம், நம்ம பக்கம் எத்தனை குடும்பம் அப்படி நொந்து போனது. இன்னொன்று, ஒரு கிலோ வாங்கினால் இரண்டு கிலோ திருப்பித் தரணும் என்று விதை கொடுக்கிறீர்கள் என்றால், ஐப்பசி மழை பொய்த்த வருடம் அது திரும்பாது. ஆறு மாதச் சம்பளம், வாடகையோடு ஒரு பருவத்துக்கான விதைப் பணத்தையும் கையிருப்பில் சேருங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி அண்ணே, அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் வைக்கிறேன். ஆடிட்டரிடம் படிவத்துக்கான கெடுவையும் கேட்டுவிடுகிறேன்.