செர்ட்ராலின் எடுப்பவர் டிரமடாலும் இருமல் மருந்தும் சேர்த்துக்கொள்ளலாமா?

கேள்வி:
மனச்சோர்வுக்காக எட்டு மாதங்களாகச் செர்ட்ராலின் 50 மில்லிகிராம் எடுத்துவருகிறேன். சென்ற வாரம் முதுகுவலிக்காக வேறொரு மருத்துவரிடம் சென்றபோது, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து ஏதேனும் உண்டா என்று அவர் கேட்டும், மனநல மருந்தைச் சொல்லக் கூச்சப்பட்டு இல்லை என்று கூறிவிட்டேன். அவர் டிரமடாலும் ஐபுப்ரோஃபெனும் எழுதிக்கொடுத்தார். சளியும் பிடித்திருப்பதால், வீட்டிலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் மருந்தையும் குடிக்க எண்ணியிருந்தேன். எதையும் இன்னும் தொடங்கவில்லை. வலி தீரும்வரை செர்ட்ராலினை நிறுத்திவைத்தால் போதுமா?

மறுமொழி 1:
நான் மருந்தாளுநர். தொடங்குவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனினை அவை திரும்ப உறிஞ்சிக்கொள்வதைச் செர்ட்ராலின் தடுக்கிறது. வலி மருந்தென்றே பலரும் அறிந்த டிரமடாலும், சாதாரண இருமல் மருந்திலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் அதே வேலையை ஓரளவு செய்கின்றன. மூன்றும் கூடினால் செரோடோனின் அளவுமீறிச் செயல்பட்டு, நடுக்கம், மிகுந்த வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம், கணுக்கால் தானாகத் துடித்தல் ஆகியவை தோன்றலாம். முற்றினால் கடும் காய்ச்சலும் மனக்குழப்பமும் வரும். பெரும்பாலும் புதிய மருந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தெரியத் தொடங்கும் இந்த அறிகுறிகளைக் கண்டால் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். போதாக்குறைக்கு, டிரமடால் தனியாகவே வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டக்கூடியது. எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. மருத்துவர்கள் தெரிந்தே, கண்காணிப்புடன் இவற்றைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. உங்கள் மருத்துவருக்கோ கண்காணிக்க ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது.

செர்ட்ராலினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது உடலை விட்டு நீங்கவே சில நாட்களாகும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும், குமட்டலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் ஏற்படலாம்.

மறுமொழி 2:
ஐபுப்ரோஃபெனை யாரும் கவனிக்கவில்லையே! இரத்தத் தட்டணுக்கள் செரோடோனினைத் தாமாகத் தயாரிப்பதில்லை. இரத்தத்திலிருந்து உறிஞ்சிச் சேமித்து, காயம்பட்ட இடத்தில் வெளியிட்டு இரத்தம் உறைய உதவுகின்றன. அந்த உறிஞ்சும் வழியையும் செர்ட்ராலின் அடைத்துவிடுவதால் சேமிப்பு குறைகிறது. ஐபுப்ரோஃபென் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைப்பதோடு தட்டணுக்களின் வேலையையும் தடுப்பதால், இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது. என் தந்தைக்கு அப்படித்தான் நேர்ந்தது. மலம் கறுத்துப் போனதை நாங்கள் ஒரு வாரம் பொருட்படுத்தவில்லை.

மறுமொழி 3:
அண்மையில் நிறுத்திய மருந்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். செர்ட்ராலின் வகையைச் சேர்ந்த, நெடுநாள் உடலில் தங்கும் ஃபுளூவாக்செட்டினை நிறுத்திய பிறகு, செரோடோனின் சிதைவதைத் தடுக்கும் எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மருந்தைத் தொடங்குமுன் குறைந்தது 5 வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மூலிகைதானே என்று பலர் சொல்லாமல் விடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் செரோடோனினைக் கூட்டும் மருந்துகளின் கணக்கில் சேரும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் சற்றும் கடிந்துகொள்ளாமல் இரு மாத்திரைகளையும் விலக்கிப் பாராசிட்டமால் எழுதினார். இருமல் மருந்தையும் தவிர்க்கச் சொன்னார். செர்ட்ராலின் வழக்கம்போல் தொடர்கிறது.