பேட்ச் செயல்முறைக்கு "ஈடு": ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

மூலப்பொருளை ஒரு முறைக்கு ஓர் அளவாகக் கலனில் இட்டு, வேலை முடிந்ததும் வெளியேற்றி, மறுபடியும் இடுவதே வேதிப் பொறியியலின் பேட்ச் செயல்முறை. அதற்கு வழக்கில் உள்ள "தொகுதிச் செயல்முறை" என்பதையே நிலைப்படுத்திவிடலாம் என்று நம் குழுவின் சென்ற மடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். சொல் ஏற்கெனவே பழகிவிட்டது என்று அவர்கள் காட்டிய காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், ஆலையில் உற்பத்திக்கு நேரம் ஒதுக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், அச்சொல் போதாது என்றே கருதுகிறேன்.

"தொகுதி" என்பது பல பொருள்கள் ஒன்றுசேர்ந்திருப்பதைச் சொல்கிறது. ஒரு கலன் நிரப்பப்பட்டு, வேலை முடிந்து, காலியாகும்வரை வேறெதற்கும் பயன்படாது என்பதை அது சொல்வதில்லை. கால அட்டவணையிடலின் சிக்கல்கள் பெரும்பாலும் அந்தப் பிடிப்பிலிருந்தே பிறக்கின்றன. மேலும், கருவித் தொகுதி என்றும் நாம் எழுதுவதால், எந்தத் தொகுதியில் எந்தத் தொகுதி ஓடுகிறது என்ற குழப்பம் ஒரே வாக்கியத்தில் நேர்ந்துவிடுகிறது. குழுத்தொகுதி, தனித்தொகுதி என்று நாள்தோறும் செய்தி படிக்கும் சிங்கப்பூர் வாசகருக்கு அச்சொல் முதலில் தேர்தலையே நினைவூட்டும்.

நான் முன்வைப்பது "ஈடு". "முதல் ஈடு இறக்கியாயிற்று, அடுத்த ஈடு ஏற்றலாம்" என்று இட்லி வேகவைப்போர் சொல்லும் அதே ஈடுதான். இடு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு, கெடு கேடானதும் சுடு சூடானதும் போலப் பிறந்த பெயர் அது. கலனில் மூலப்பொருளை இடுவதும், இட்டது வெந்து வெளியேறும் ஒரு முறையும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. சமையலறைச் சொல் அறிவியலுக்குப் பொருந்துமா என்று தயங்குவோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்: ஆங்கிலத்தின் "பேட்ச்" என்பதும் ரொட்டி சுடுவதைக் குறிக்கும் வினையோடு உறவுடைய சொல்லே, ஒரே முறையில் சுட்டெடுத்த ரொட்டியே அதன் பழைய பொருள்.

இச்சொல்லை ஏற்றால் கிளைச்சொற்களும் தெளிவாக அமைகின்றன. ஒரு மருந்துப் பொருள் வினைக்கலனில் 6 மணி நேரமும், படிகமாக்கும் கலனில் 3 மணி நேரமும், உலர்த்தியில் 9 மணி நேரமும் இருக்கிறது என்று கொள்வோம். ஓர் ஈடு முழுதாக முடிய ஆகும் 18 மணி நேரத்தை "ஈட்டுக் காலம்" என்றும், அடுத்தடுத்த இரண்டு ஈடுகள் வெளிவருவதற்கு இடைப்பட்ட 9 மணி நேரத்தை "ஈட்டிடைக் காலம்" என்றும் அழைக்கலாம். மிக நீண்ட நிலையான உலர்த்தலே இந்த 9 மணி நேரத்தை முடிவு செய்கிறது. "சுழற்சி நேரம்" என்ற இன்றைய சொல் இரண்டையும் குறித்து மாணவரை மயக்குகிறது. ஒன்று முடிந்த பின்பே அடுத்ததைத் தொடங்கினால் 10 ஈடுகளுக்கு 180 மணி நேரம் வேண்டும். ஒன்று முடியுமுன்பே அடுத்ததைத் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டால் 18உடன் ஒன்பது ஒன்பதுகளைக் கூட்டி 99 மணி நேரம் போதும். உலர்த்தியை இரண்டாக்கி மாற்றி மாற்றி ஓட்டினால் நெருக்கடி வினைக்கலனுக்கு இடம்பெயர்ந்து, ஈட்டிடைக் காலம் 6 மணி நேரமாகிறது, மொத்தம் 72 மணி நேரத்தில் முடிகிறது. அந்தக் கூடுதல் உலர்த்தியின் விலைக்கு 27 மணி நேரம் தகுமா என்பதே வடிவமைப்பின் கேள்வி.

இடையில் தேக்கிவைக்கக் கலன் இல்லாதபோது, வேலை முடிந்த வினைக்கலனே தேக்கமாக நின்றுவிடும். அதைப் பொறுக்காமல் சிதையும் இடைப்பொருளானால், வெந்ததும் எண்ணெயிலிருந்து எடுத்தாக வேண்டிய வடையைப் போல உடனே அடுத்த நிலைக்குச் சென்றாக வேண்டும். அதற்கு ஈட்டின் தொடக்கத்தையே தள்ளிவைப்பதன்றி வேறு வழியில்லை. இப்படிக் காத்திராமல் உடனே அடுத்த நிலைக்கு அனுப்புவதற்குக் "காத்திராக் கடத்தல்" பொருந்தும்.

ஒரே பொருளைத் தொடர்ந்து பல ஈடுகள் செய்துவிட்டு, கலன்களைக் கழுவி அடுத்த பொருளுக்கு மாறும் கேம்பெயினுக்கு "உற்பத்திப் போகம்" என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். முப்போகம் விளையும் நிலம் என்ற வழக்கே இதற்கு அடிப்படை. போகம் நீண்டால் கழுவும் நேரம் மிச்சமாகும், ஆனால் கிடங்கில் இருப்பு பெருகும்.

சிங்கப்பூரில் ஏழு தீவுகளை இணைத்து உருவான ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகள் இரவும் பகலும் தொடர்ந்து ஓடுபவை. அதே சிங்கப்பூரின் துவாஸ் பகுதி மருந்து ஆலைகளிலோ ஈட்டுமுறை பெருவழக்கு. இரண்டுக்கும் இடையே செல்லும் தமிழ்ப் பொறியாளர்களுக்குத் "தொடர்முறை", "ஈட்டுமுறை" என்ற இணை உடனே விளங்கும் என்று நம்புகிறேன்.

இழப்பீடு, ஈட்டுக் கடன், பொருள் ஈட்டல் ஆகியவற்றோடு மயங்கும் என்ற மறுப்பு எழக்கூடும், அது நியாயமானதே. அதனால்தான் "ஈட்டுத் தொகை" போன்ற கூட்டுச்சொற்களைத் தவிர்த்து, ஒரு முறை இடும் அளவுக்கு "ஈட்டளவு" என்கிறேன். எனக்கு இன்னும் பிடிபடாதது, ஓர் ஈட்டுக்கு வேண்டிய பொருள்களையும் படிகளையும் சொல்லும் "ரெசிப்பி" ஒன்றே. "செய்முறை" என்றால் "செயல்முறை"யோடு கண் தடுமாறுகிறது. "செய்குறிப்பு" என்பதில் எனக்கு முழு நிறைவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றுவோர் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
துவாஸிலிருந்து ஓர் உறுப்பினர்