1641 அயர்லாந்து வாக்குமூலங்கள்: வராத கடனும் இழப்புக் கணக்கில் வருமா?

கேள்வி:
வணக்கம். அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் எழுந்த 1641 கிளர்ச்சியில் எல்லாவற்றையும் பறிகொடுத்த புராட்டஸ்டண்ட் விவசாயிகளின் வாக்குமூலங்களை ஒரு மாதமாக இரவில் உட்கார்ந்து படித்து வருகிறேன். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருப்பவை, 2010இல் இணையத்துக்கு வந்தவை. மாடு, குதிரை, கதிர்ப்போர், தட்டுமுட்டுச் சாமான் என்று விலையோடு வரிசையாக வருகிறது. சரி, அது புரிகிறது. ஆனால் பலர் பிறரிடமிருந்து வர வேண்டிய கடனையும், குத்தகை நிலத்தில் இனிமேல் கிடைத்திருக்கும் வருமானத்தையும்கூடச் சேர்த்திருக்கிறார்கள். கணக்கைக் கூட்டிக் காட்டினார்களா?

பதில் 1:
கூட்டிக் காட்டியவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடன் வரியை அவசரப்படாமல் இன்னொரு முறை படியுங்கள். கடன்பட்டவர்களில் சிலர் கிளர்ச்சியில் சேர்ந்துவிட்டார்கள், மற்றவர்கள் இவரைப் போலவே கொள்ளைபோய் நிற்கிறார்கள், அதனால் கேட்டாலும் தர முடியாது என்று திரும்பத் திரும்ப வரும். ஊரின் கொடுக்கல் வாங்கலே அறுந்துபோனதை அந்த ஒரு வரி சொல்கிறது. எனக்கு மாட்டுக் கணக்கைவிட அதுதான் வலிக்கிறது.

குத்தகையும் அப்படித்தான். இன்னும் இத்தனை வருஷம் மீதி என்று நம்பித்தான் வேலி கட்டி, கொட்டகை போட்டிருப்பார். அமைதி திரும்பும்வரை அந்த வருமானம் போச்சு என்றுதான் எழுதுகிறார்கள்.

இந்த வாக்குமூலங்களைப் பதிந்த விசாரணைக் குழு அமைந்த விதத்தையும் பாருங்கள். ஹென்றி ஜோன்ஸ் தலைமையில் எட்டுப் புராட்டஸ்டண்ட் பாதிரியார்கள். 1641 டிசம்பரில் கிடைத்த முதல் ஆணை முக்கியமாகக் கொள்ளையையும் சொத்திழப்பையும் பதியச் சொன்னது. கொலைகளை விசாரிக்கும் பொறுப்பு அடுத்த மாதம்தான் சேர்ந்தது. அதனால்தான் முதலில் சொத்துப் பட்டியல், அப்புறம் பறித்தவர்களின் பெயர்கள். அந்தப் பெயர்களில் பல பக்கத்து வீட்டுக்காரர்களுடையவை.

பதில் 2:
மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் தானே பார்த்ததையும் ‘கேள்விப்பட்டேன்’ என்று சொன்னதையும் பிரித்துப் படியுங்கள். தன் மாட்டைப் பற்றி ஒருவர் சொல்வது வேறு, அடுத்த மாவட்டக் கொலையைப் பற்றிச் சொல்வது வேறு. 1642லேயே இவற்றிலிருந்து பொறுக்கியெடுத்து லண்டனில் அச்சிட்டார்கள். 1649இல் அயர்லாந்தின் ட்ரோகெடா நகரில் நடத்திய படுகொலைக்கு ஆங்கிலப் படைத்தலைவர் குரோம்வெல் சொன்ன நியாயமும் 1641தான். கிளர்ச்சி வெடித்த அந்த 1641 குளிர்காலத்தில் டப்ளினுக்குத் தெற்கே விக்லோ பக்கம் அரசுப் படையிடம் சிக்கிய கத்தோலிக்கர்களின் இழப்பை எழுதிக்கொள்ள எந்தக் குழுவும் உட்காரவில்லை. அந்த வெற்றிடத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இந்த விவசாயிகளுக்கு நஷ்டஈடு கிடைத்ததா?

பதில் 1:
டப்ளினுக்கு உடுத்திய துணிகூட இல்லாமல் வந்துசேர்ந்தவர்களுக்கு ஓரளவு உதவி கிடைத்தது. கத்தோலிக்கர்களிடமிருந்து பறிமுதலான நிலம் பெரும்பாலும் கிளர்ச்சியை அடக்கும் போருக்குப் பணம் போட்டவர்களுக்கும் சிப்பாய்களுக்கும் போனது. அடுத்த தடவை மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து அடிப்பகுதியைப் பாருங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பலர் ஒரு கோடோ வட்டமோ கிறுக்கியிருப்பார்கள். பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் வரை கணக்குச் சொன்னவரின் கைக்குறி அது.