ஸ்கிம்மர் வெடிச்சு ஸ்விம்மிங் பூல் தண்ணி இறங்குது, நாங்களே மாத்தலாமா? (கிருலப்பனை)

கிருலப்பனைவாசி:
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு உதவி வேணும். எங்கட வீட்டில இருக்கிறது கொங்கிறீட் பூல், உள்ளுக்கு டைல்ஸ், கட்டி இருபது வருசத்துக்கு மேல. கொஞ்ச நாளா தண்ணி இறங்கிக்கொண்டே போகுது, நிரப்ப நிரப்ப ஒரு நாளைக்கு ஒரு இஞ்சி அளவில குறையுது, வாட்டர் பில்லைப் பாத்தா தலை சுத்துது. ஸ்கிம்மர் (பூல் விளிம்பில மிதக்கிற குப்பையை இழுத்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் பெட்டி) மூடியைத் திறந்து டோர்ச் அடிச்சுப் பாத்தா கூடை இருக்கிற பக்கத்துக்கும் பூல் பக்கம் திறக்கிற வாய்க்கும் நடுவில நீட்டா ஒரு வெடிப்பு. பூல் வேலை செய்யிற ஆக்களைக் கூப்பிட்டுக் காட்டினம், முழுத் தண்ணியையும் இறைச்சுப்போட்டுத்தான் மாத்தோணும் எண்டு சொல்லி ஒரு விலை சொன்னவை, அது எங்களுக்கு ஏலாது. நானும் மச்சானும் கொத்து வேலை, பைப் வேலை ரெண்டும் ஓரளவு செய்வம். இதை நாங்களே செய்யலாமா? எபொக்சி வச்சு அடைச்சா நிக்காதா?

பம்ப்ரூம் அண்ணை:
தம்பி, கட்டாயம் செய்யலாம், ஆனா சுத்தியலைத் தூக்க முதல் தண்ணி அதாலதான் போகுதெண்டு உறுதிப்படுத்துங்கோ. ஒரு வாளியில தண்ணி நிரப்பி பூல் படியில வைச்சு, வாளிக்குள்ள இருக்கிற மட்டமும் வெளியில பூல் மட்டமும் ஒண்டா இருக்கிற மாதிரி அடையாளம் போட்டு 24 மணித்தியாலம் விடுங்கோ. கொழும்பு வெயிலுக்கு ஆவியாப் போறது நாளைக்கு 4, 5 மில்லிமீற்றர்தான், வாளியில குறைஞ்சதைக் கழிச்சு மிச்சம்தான் லீக். இதை பம்ப் ஓட ஒருக்கா, பம்ப் நிப்பாட்டி ஒருக்கா பாருங்கோ. பம்ப் ஓடேக்க மட்டும் கூடக் குறைஞ்சா அது பம்புக்குப் பிறகு வாற ரிட்டர்ன் லைன் (தண்ணியைத் திரும்பப் பூலுக்குக் கொண்டு வாற பைப்), ஸ்கிம்மரைக் கிளறி ஒரு பிரயோசனமும் இல்ல. பிறகு பம்பை நிப்பாட்டி, தண்ணி அசையாம நிக்கேக்க, கேக்குக்குப் போடுற சிவப்புக் கலரை சிரிஞ்சில எடுத்து வெடிப்புக்குக் கிட்ட மெதுவா விடுங்கோ, லீக் இருந்தா கலர் தானா உள்ள இழுபடும்.

எபொக்சி புட்டி மயிர்மாதிரி வெடிப்புக்குக் கொஞ்ச காலம் நிக்கும். நீங்க சொல்ற இடம் ஆட்டம் விழுற இடம், அங்க நம்பேலாது.

கிருலப்பனைவாசி:
நன்றி அண்ணை, சொன்ன மாதிரியே செய்து பாத்தம். வாளியில 5 மில்லிமீற்றர், பூல்ல 27. பம்ப் ஓடினாலும் நிண்டாலும் ஒரே அளவுதான். நிரப்பாம விட்டுப் பாத்தா ஸ்கிம்மர் வாயின்ர அடி விளிம்போட தண்ணி நிக்குது, அதுக்குக் கீழ இறங்கேல்ல. கலரும் வெடிப்புக்குள்ள இழுபட்டுப் போச்சு.

பம்ப்ரூம் அண்ணை:
அப்ப வேற யோசனையே தேவையில்ல, ஸ்கிம்மர்தான். வெளிநாட்டு வீடியோக்கள்ல குளிருக்குத் தண்ணி ஐஸாகி ஸ்கிம்மர் வெடிக்குதெண்டுதான் சொல்லுவினம், எங்கட ஊரில அது இல்ல. இங்க சுத்தி இருக்கிற மண் இறங்கி, மேல போட்ட கொங்கிறீட் தளம் ஸ்கிம்மரை இழுத்து முறிக்குது, பழசாப்போன பிளாஸ்டிக்கும் தாங்காது. அதனால தளத்தைத் திருப்பிப் போடேக்க பூல் விளிம்புக்கும் தளத்துக்கும் நடுவில 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு ஃபோம் வைச்சு மேல பொலியூரத்தேன் சீலன்ட் அடியுங்கோ. அதைச் செய்யாட்டி புது ஸ்கிம்மரும் ஒரு நாள் முறியும்.

தெஹிவளை சிவில்:
ஒண்டு மட்டும் பெரிய எழுத்தில சொல்லோணும் போல இருக்கு: முழுத் தண்ணியையும் இறைக்க வேண்டாம், யார் சொன்னாலும் வேண்டாம்!! கிருலப்பனை எண்டா கால்வாய்க்குக் கிட்ட, நிலத்தடி மட்டம் மேலதான் நிக்கும், மழை நாள்ல சொல்லவே வேண்டாம். பூலுக்குள்ள இருக்கிற தண்ணிதான் அதை அமத்தி வைச்சிருக்கு, வெறுமையாக்கினா கீழ இருந்து தண்ணி தள்ளி முழுப் பூலும் ஒரு படகு மாதிரி மேல கிளம்பும், அடி வெடிக்கும், அதுக்குப் பிறகு ஸ்கிம்மர் செலவு ஒரு செலவே இல்ல. உங்கட வேலைக்கு வாயின்ர அடி விளிம்புக்கு அரை அடி கீழ தண்ணி நிண்டாப் போதும். பக்கத்து வளவில கிணறு இருந்தா எட்டிப் பாருங்கோ, அதில தண்ணி எந்த மட்டத்தில நிக்குதெண்டு தெரிஞ்சா நான் சொல்றது விளங்கும்.

ஹாட்வெயார் ரஃபீக்:
சகோ, சாமான் வாங்க போக முந்தி இத வாசிங்க, நெறைய பேர் மாட்டிக்கிற இடம் இது. நம்ம ஊரு ரெண்டு இஞ்சி பிவிசி பைப் வெளி அளவு 63 மில்லிமீட்டர், அமெரிக்கா ஸ்கிம்மர்ல வார ரெண்டு இஞ்சிங்கிறது வெளி அளவு 60.3 மில்லிமீட்டர், ரெண்டும் ஒன்னுக்குள்ள ஒன்னு சேராது, கம் ஊத்தி இடைவெளிய நிரப்ப நெனச்சா கட்டாயம் லீக் தான். சரி மரை போட்டு பூட்டலாம்னு வால்வ் சொக்கட் (ஒரு பக்கம் மரை உள்ள பைப் மூட்டு) வாங்கினாலும் அங்கயும் பிரச்சின இருக்கு, அமெரிக்கா மரை இஞ்சிக்கு 11.5, நம்ம கடைகள்ல இருக்குற பிரிட்டிஷ் மரை இஞ்சிக்கு 11, ரெண்டு மூனு சுத்து நல்லா போகும், அப்புறம் இறுகி நிக்கும், பலமா முறுக்கினா ஸ்கிம்மர் அடி வெடிச்சிரும். அதனால 63 மில்லிமீட்டருக்கு சரியா வார மெட்ரிக் ஸ்கிம்மரா கேளுங்க. ஹாட்வெயார் கடைகள் இருக்குற பழைய சோனகத் தெருவுக்கு போறப்ப வெட்டின பைப் துண்டு ஒன்னயும், பழைய ஸ்கிம்மர் வாய்ட அகலம் உயரம் அளவயும் கையில எடுத்துட்டு போங்க, வாயால சொல்லி வாங்காதீங்க. இன்னொன்னு, ஸ்கிம்மர் ஏபிஎஸ் பிளாஸ்டிக்னா சாதாரண பிவிசி கம் சரியா பிடிக்காது, ரெண்டையும் ஒட்டுற கம்னு தனியா இருக்கு, இல்லாட்டி மரைதான்.

கிருலப்பனைவாசி:
ரஃபீக் நானா, இது தெரியாமப் போயிருந்தா சாமானைத் திருப்பிக் குடுக்க அலைஞ்சிருப்பம், பெரிய உதவி. உடைக்கிற முறையையும் ஆராவது சொல்லுங்கோ. ஸ்கிம்மர் அடியில ரெண்டு ஓட்டை இருக்கு, ஒண்டு பம்புக்குப் போகுது, மற்றது எங்க போகுதெண்டு விளங்கேல்ல.

பம்ப்ரூம் அண்ணை:
மற்றது ஒண்டில் பூல் அடியில தண்ணி இழுக்கிற ஓட்டையான மெயின் ட்ரெயினுக்கு, இல்லாட்டி பூல் சுவரில கொஞ்சம் கீழ இருக்கிற சின்ன ஓட்டைக்குப் போகும். ரெண்டாவது எண்டா அது மட்டம் குறையேக்க பம்ப் காத்து இழுக்காம இருக்க வைக்கிறது. எதுவா இருந்தாலும் கழட்டின உடன அந்தப் பைப்பை அடைப்பான் போட்டு மூடுங்கோ, இல்லாட்டி பூல் தண்ணி குழிக்குள்ள வரும்.

முதல்ல பம்புக்குப் போற மெயின் சுவிட்சை இறக்கி, ஆரும் திருப்பிப் போடாத மாதிரி டேப் ஒட்டுங்கோ. பிறகு ஸ்கிம்மர் மூடியைச் சுத்தி ரெண்டடிக்கு ரெண்டடி கிரைண்டரால கீறி, பிரேக்கர் மெஷினை வாடகைக்கு எடுத்து உடையுங்கோ. பூல் பீமுக்கு (பூல் சுவரின்ர மேல் விளிம்பு கொங்கிறீட்) கிட்ட வந்தா மெஷினை வைச்சிட்டு உளியும் சுத்தியலும்தான், அதுக்குள்ள கம்பி ஓடுது, வெட்டக்கூடாது. பைப்பை ஸ்கிம்மருக்கு ஒட்டினாப்போல வெட்டுங்கோ, நேர்ப் பைப் எவ்வளவு மிஞ்சுதோ அவ்வளவு லேசு. வெட்டின வாய்க்குத் துணி அடைக்க மறக்க வேண்டாம், ஒரு கல்லு உள்ள விழுந்தா அது பம்ப் வரைக்கும் போகும்.

புதுசை ஸ்பிரிட் லெவல் வைச்சு நிப்பாட்டுங்கோ, பூல்ன்ர சரியான தண்ணி மட்டம் வாயின்ர நடுவில வரோணும். வாய்க்கும் பீமுக்கும் நடுவில ஹைட்ரோலிக் சிமெந்து, அது 3, 4 நிமிசத்தில இறுகிடும், கொஞ்சம் கொஞ்சமாக் குழையுங்கோ.

வெள்ளவத்தை அக்கா:
தம்பி, வேலை நடக்கேக்க பிள்ளைகளைப் பூலில இறங்க விடாதேங்கோ. ஸ்கிம்மரை மூடிட்டு மெயின் ட்ரெயினால மட்டும் பம்பை ஓட விட்டா முழு இழுவையும் அந்த ஒரு இடத்தில, பிள்ளையின்ர தலைமயிரோ கையோ அதில பிடிபட்டா பெரிய ஆக்களாலயும் இழுத்தெடுக்க ஏலாது. மற்றது டெங்கு. வெட்டின குழிக்குள்ள மழைத்தண்ணி நிண்டா ஒரு கிழமையிலயே நுளம்பு பறக்கும், ஒவ்வொரு நாளும் இறைச்சுப்போட்டு தகரம் போட்டு மூடுங்கோ. பம்ப் ஓடாட்டியும் பூலுக்குக் குளோரின் போட்டுக் கையால கலக்கிக்கொண்டே இருங்கோ, பச்சையாக விட வேண்டாம். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார் எண்டதுக்காக இல்ல, பக்கத்து வீட்டிலயும் சின்னப் பிள்ளைகள் இருக்கும்.

கிருலப்பனைவாசி:
சரி அக்கா, பிள்ளைகள் அந்தப் பக்கமே வரேலாத மாதிரி கேட்டைப் பூட்டிட்டம். புது ஸ்கிம்மர் இருத்தியாச்சு, 63 மில்லிமீற்றர்தான் கிடைச்சது, பைப்பும் ஒட்டியாச்சு. இப்ப கொங்கிறீட் போடலாமா?

பம்ப்ரூம் அண்ணை:
பொறுங்கோ! பைப் கம் 24 மணித்தியாலம் காயட்டும். பிறகு அடி ஓட்டை ரெண்டையும் அடைச்சு, ஸ்கிம்மருக்குள்ள வாயின்ர அடி விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி, பென்சிலால கோடு போட்டு ஒரு இரவு விடுங்கோ. அதுக்குப் பிறகு அடைப்பானைக் கழட்டி, லைனுக்குள்ளயும் தண்ணி விட்டு மூட்டுகளைக் கையால தடவிப் பாருங்கோ. கொங்கிறீட்டுக்குள்ள புதைச்ச பிறகு லீக் கண்டா திரும்ப முதல்ல இருந்து.

கிருலப்பனைவாசி:
கோடு போட்ட இடத்திலயே நிக்குது அண்ணை, மூட்டுகளும் காய்ஞ்சுதான் இருக்கு. நாளைக்குக் காலமை கொங்கிறீட்.

தெஹிவளை சிவில்:
நல்லது. கொங்கிறீட் போட்டு இறுகின உடன ஈரச் சாக்கு போட்டு 7 நாளாவது நனைச்சுக்கொண்டு இருங்கோ, அதுவரைக்கும் பூல் தண்ணி வாய்க்குக் கீழயே நிக்கட்டும். ஸ்கிம்மர் வாயில பூல் பக்கம் பூட்டுற முகப்புத் தட்டுக்கு வாற ஸ்க்ரூ கறள் பிடிக்கிற சாதியா இருந்தா தூக்கிப்போட்டு 316 ஸ்டெயின்லெஸ் வாங்கிப் போடுங்கோ, குளோரினும் கடல்காத்தும் சேந்தா மற்றது நிக்காது. கேஸ்கட்டைப் புதுசாவே போடுங்கோ.