டி16இசட்6 இன்ஜினுக்கு பி16ஏ த்ராட்டில் பாடி: நேரா உட்காருமா?

ஒத்தைகேம்:
வணக்கம். வண்டி 1994 ஹோண்டா சிவிக் இஜி, டி16இசட்6 இன்ஜின், மேனுவல் கியர். ஏர் ஃபில்டரும் 4-2-1 ஹெட்டரும் (எக்ஸாஸ்ட் குழாய்) மாத்தியாச்சு, ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஸ்டாக்தான். ஹாஃப் கட் கடையில (வெட்டி வந்த பழைய வண்டி பாகம் விக்கிற இடம்) ஹோண்டாவோட இன்னொரு இன்ஜினான பி16ஏவோட த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போற காத்தைத் திறந்து மூடுற பாகம்) கிடைக்குது, வாய் 60 மிமீ. நாலு ஸ்டட்டும் ஒத்துப்போகுமா? சென்சார் எதை வைக்கணும், பழசா புதுசா? ஈசியு டியூன் பண்ணியே ஆகணுமா? இதைப் போட்ட நிறைய வண்டியில ஐடில்ல (பெடலைத் தொடாம இன்ஜின் ஓடும்போது) ஆர்பிஎம் மேல கீழ ஆடுதுன்னு கேள்விப்பட்டேன், அது ஏன்?

வெர்னியர்:
ஸ்டட் ஒத்துப்போகும், நேரா ஏறும். ஆனா ஏறினதோட வேலை முடியல.

வாங்கும்போதே பாருங்க: 92க்கு அப்புறம் வந்த பி16ஏவோடதுதான் வேணும். அதுலதான் மேப் சென்சார் (மேனிஃபோல்ட் பிரஷரை அளக்கிறது) த்ராட்டில் பாடி தலை மேலயே உட்காரும், உங்க வண்டியில இருக்குற மாதிரி. அதுக்கு முந்தின தலைமுறையில மேப் சென்சார் ஃபயர்வால்ல தனியா இருக்கும், பாடியில அதுக்கு இடமே கிடையாது. அப்புறம் பட்டர்ஃபிளையை (காத்தைத் திறந்து மூடுற வட்டத் தகடு) பிடிச்சிருக்கிற ரெண்டு குட்டி ஸ்குரூவையும் பாருங்க. முனை நசுக்கி லாக் பண்ணியிருக்கணும். யாராவது கழட்டி சும்மா மாட்டியிருந்தா அது ஒருநாள் கழண்டு நேரா சிலிண்டருக்குள்ள போகும். ஷாஃப்டை மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா அந்த வழியா காத்து இழுக்கும், ஐடில் என்னைக்கும் நிலைக்காது.

அடுத்தது விளிம்பு. 60 மிமீ வாயை சின்ன மேனிஃபோல்ட் (பாடியிலேர்ந்து சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடுற குழாய்த் தொகுதி) வாய் மேல வெச்சா உள்ள சுத்திலும் ஒரு படி நிக்கும். வர்ற காத்து அதுல மோதி சுழலும், பெரிய பாடி போட்ட பலன் பாதி அங்கயே போயிடும். மேனிஃபோல்டைக் கழட்டி, பி16ஏ கேஸ்கெட்டை ஸ்டட்ல மாட்டி, உள்வட்டத்தை ஸ்க்ரைபரால கோடு போடுங்க. அந்தக் கோடு வரைக்கும் கார்பைட் பர்ல எடுத்து, உள்ளே 25-30 மிமீ ஆழத்துக்கு சாய்வா இழைச்சு விடுங்க. வாயில மட்டும் அகலப்படுத்தி நிறுத்தினா படி ரெண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். கடைசியில 80 கிரிட் போதும், கண்ணாடி மாதிரி பாலிஷ் தேவையில்லை.

கேஸ்கெட் புதுசு, பெரிய ஓட்டை உள்ளது. பழைய கேஸ்கெட்டை வெட்டி மாட்டாதீங்க. நட் நாலையும் குறுக்கு மறுக்கா இறுக்குங்க, 22 நியூட்டன் மீட்டர். மேப் சென்சார் அடியில இருக்குற ரப்பர் சீலையும் மாத்திடுங்க.

சென்சார்ல பழசோ புதுசோ பிரச்சினை இல்லை, டிபிஎஸ் (பட்டர்ஃபிளை எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார்) வோல்டேஜ் சரியா இருக்கணும். நடு வயர்தான் சிக்னல். சாவி ஆன், இன்ஜின் ஆஃப், மூடின நிலையில 0.45லேர்ந்து 0.50 வோல்ட், முழுசா திறந்தா 4.5 பக்கம். நடுவுல மெதுவா திறக்கும்போது எங்கயும் குதிக்கக் கூடாது. டிபிஎஸ் ஸ்குரூவுக்குத் தலை இருக்காது, ஃபேக்டரியில இறுக்கும்போதே உடைஞ்சிடுற மாதிரி செஞ்சது. டிரெமல் டிஸ்க்கால ஒரு கீறல் போட்டு ஸ்குரூடிரைவரால திருப்பலாம்.

சைட்டட்டி:
வாங்குறதுக்கு முன்னாடி தேவையான்னு ஒருதரம் அளந்து பாருங்க அண்ணே. மேனிஃபோல்ட்ல வேக்குவம் கேஜ் ஒன்னு மாட்டி, ஆளில்லாத ரோட்ல மூணாவது கியர்ல முழு த்ராட்டில், 6500 ஆர்பிஎம் வரைக்கும். கேஜ் கிட்டத்தட்ட சைபர்ல நின்னா இப்ப இருக்குற பாடியே போதும், 60 போட்டாலும் குதிரை ஏறாது. 1 இன்ச் மெர்க்குரிக்கு மேல காட்டினா எங்கயோ அடைக்குது. அப்பவும் உடனே பாடி மேல பழி போடாதீங்க, ஃபில்டரைக் கழட்டிட்டு இன்னொருதரம் ஓட்டிப் பாருங்க. நிறைய வண்டியில குற்றவாளி ஃபில்டர் பாக்ஸ்தான். (ஸ்கேனர் தேடாதீங்க, இந்தப் பழைய தலைமுறை ஓபிடி1 ஈசியு லைவ் டேட்டா தராது.)

வட்டத்தோட பரப்பு விட்டத்தின் வர்க்கத்துல ஏறும். ஸ்டாக் 56 மிமீலேர்ந்து 60 போனா வாய் 15 சதவீதம் பெருசு. ஆனா 125 குதிரை இன்ஜின் அந்த 15 சதவீதத்தைக் கேட்குதாங்கிறதுதான் விஷயம். ஸ்டாக் கேமோட மேல 6000 தாண்டித்தான் ஏதாவது தெரியும். கீழ 'வண்டி பறக்குது'ன்னு தோணுறது பெடலைக் கொஞ்சம் மிதிச்சதுமே அதிக காத்து போறதால. அது பவர் இல்லை.

டியூன் தேவையில்லை. ஹோண்டா ஈசியு மேனிஃபோல்ட் பிரஷரையும் ஆர்பிஎம்மையும் பார்த்துத்தான் பெட்ரோல் கணக்கு போடுது, காத்தை நேரா அளக்கிற சென்சார் கிடையாது. பிரஷர் ஏறினா பெட்ரோலும் ஏறும். பெடலைத் திடீர்னு மிதிக்கும்போது மட்டும் லேசா ஒரு விக்கல் வரலாம், ஏன்னா அந்த நொடி கூடுதல் பெட்ரோல் டிபிஎஸ் எவ்வளவு வேகமா நகருதுங்கிறதைப் பார்த்து வருது, அதே கோணத்துக்கு இப்ப காத்து அதிகம்.

ஒத்தைகேம்:
நன்றி ரெண்டு பேருக்கும். மேனிஃபோல்டைக் கழட்டாம உள்ள துணி அடைச்சுட்டு வண்டியிலேயே இழைக்கலாமா? சப்போர்ட் பிராக்கெட், ஹோஸ் எல்லாம் கழட்டுறது பெரிய வேலையா இருக்கு.

வெர்னியர்:
வேண்டாம். அலுமினியத் தூள் துணியைச் சுத்திப் போய் ரன்னர்ல ஒட்டிக்கும், ஸ்டார்ட் பண்ணினதும் வால்வ் சீட்டுக்கும் சிலிண்டர் சுவருக்கும் போகும். கழட்டிச் செய்ங்க, இழைச்சதும் சோப்புத் தண்ணியில கழுவி ஏர் அடிங்க, ஒவ்வொரு வேக்குவம் ஓட்டைக்குள்ளயும். மேனிஃபோல்டைக் கழட்டினா கூலன்ட்டும் வடிக்கணும். திரும்ப ஊத்தும்போது ப்ளீட் போல்ட்டைத் திறந்து காத்தை வெளியேத்த மறக்காதீங்க.

ஐடில்மணி:
ஐடில் ஆட்டத்தைப் பத்தி யாரும் சொல்லலையே.

பெடல் மூடியிருக்குன்னு டிபிஎஸ் சொல்லுது, ஆனா ஆர்பிஎம் 1500 தாண்டி நிக்குது. ஈசியு இதை 'வண்டி இறக்கத்துல உருளுது'ன்னு எடுத்துக்கிட்டு பெட்ரோலை நிறுத்துது. ஆர்பிஎம் விழுது, விழுந்ததும் பெட்ரோல் திரும்ப வருது, கூடுதல் காத்து இருக்குறதால மறுபடி ஏறுது, மறுபடி நிறுத்துது. ஆட்டம் இதுதான். ஆக, கணக்குல வராத காத்து எங்கிருந்து வருதுன்னுதான் தேடணும். வரிசையா பாருங்க: பாடி கேஸ்கெட் சுத்தி கார்ப் கிளீனர் லேசா அடிச்சா ஆர்பிஎம் மாறுதா, பி16ஏ பாடியில கூடுதலா இருக்குற வேக்குவம் நிப்பிளுக்கு ரப்பர் கேப் போட்டாச்சா, கேபிள் ரொம்ப இறுக்கமா இருந்து பட்டர்ஃபிளை முழுசா மூடாம நிக்குதா. கேபிளை விரலால அழுத்தினா 10-12 மிமீ தளர்வு வேணும். பிறகு ஒருத்தர் பெடலை முழுசா மிதிக்க, இன்னொருத்தர் பட்டர்ஃபிளை நேரா நிக்குதான்னு பாருங்க. புல்லி வேற அளவுங்கிறதால இங்கதான் பலர் கோட்டை விடுறாங்க, பெரிய பாடி போட்டு முக்கால் திறப்புல ஓட்டுவாங்க.

பட்டர்ஃபிளை ஸ்டாப் ஸ்குரூவைத் தொடாதீங்க, அது ஃபேக்டரி செட்டிங். திருப்பினா டிபிஎஸ் சைபரும் கெடும். ஐடில் அட்ஜஸ்ட் ஸ்குரூ தனியா பாடி மேல இருக்கு. செட் பண்ணும் முறை: ரேடியேட்டர் ஃபேன் ஒருதரம் சுத்தி நிக்கிற வரைக்கும் சூடு பண்ணுங்க, ஏசி, லைட் எல்லாம் ஆஃப். ஐஏசி வால்வ் (ஐடில் காத்தை ஈசியு கட்டுப்படுத்துற வால்வ்) கனெக்டரைக் கழட்டுங்க, அந்த ஸ்குரூவைத் திருப்பி 400-450 ஆர்பிஎம்முக்குக் கொண்டு வாங்க. அணையப் பார்க்கும், அப்ப பெடலை லேசாத் தொட்டுப் பிடிங்க. கனெக்டரைத் திரும்ப மாட்டிட்டு, பானெட் ஃபியூஸ் பாக்ஸ்ல பேக்கப் 7.5 ஆம்பியர் ஃபியூஸை 10 நொடி எடுத்துப் போடுங்க. கனெக்டர் கழட்டினதால ஈசியுல வந்த எரர் கோடு 14 அழிஞ்சிடும். இப்ப தானா 700 பக்கம் வந்து நிக்கணும்.

ஸ்குரூவை முழுசா மூடியும் 450க்கு இறங்கலைன்னா காத்து ஒழுகுறது ஸ்குரூ வழியா இல்லை. மறுபடி கேஸ்கெட்லேர்ந்து ஆரம்பிங்க. குளிர்ச்சியா இருக்கும்போது சரி, சூடானதும் ஆர்பிஎம் இறங்காம நிக்குதுன்னா ஃபாஸ்ட் ஐடில் வால்வ் (இன்ஜின் குளிர்ச்சியா இருக்கும்போது மட்டும் கூடுதல் காத்து விடுறது) மூடலை. ஃபில்டர் ஹோஸைக் கழட்டி, பாடி வாய்க்குள்ள கீழ இருக்குற ஓட்டையை விரலால அடைச்சுப் பாருங்க. ஆர்பிஎம் இறங்கினா அதுதான் ஆள்.